கூலியா, பிள்ளையா? கிறிஸ்தவ விடுதலை குறித்து ஓர் எளிய விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் சபை ஒரு கடைவீட்டின் மாடியில் கூடுகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து, கீழே தேநீர் குடிக்கும் நேரத்தில்தான் மனத்தில் இருக்கும் கேள்விகள் வெளியே வரும். சில வாரங்களுக்கு முன் ஒரு தம்பி என்னைத் தனியாக அழைத்தான். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவன். ஞானஸ்நானம் பெற்று இன்னும் ஓராண்டு ஆகவில்லை.

"அண்ணே, விடுதலை பெற்றேன் என்று எல்லார் முன்னாலும் சாட்சி சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் இப்போது ஒரு நாள் ஜெபிக்காமல் வேலைக்குப் புறப்பட்டால், வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. முன்பு இராகு காலத்துக்குப் பயந்தேன். இப்போது இதற்குப் பயப்படுகிறேன். இதுவா விடுதலை?"

இல்லை தம்பி, இது விடுதலை இல்லை என்றேன். அவனுடைய தேநீர் ஆறும் வரை சொன்னதையும், நேரமில்லாமல் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வேதாகமத்தை இப்போதுதான் கையில் எடுத்தவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் சொற்களிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் பழைய தமிழ் வேதாகமத்தில் கலாத்தியர் 5:1 இப்படி முடிகிறது: "கிறிஸ்து நமக்கு உண்டாக்கின சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள்." சுயாதீனம் என்பதுதான் நாம் இன்று விடுதலை, சுதந்திரம் என்று சொல்வது. பிறர் கைக்குள் அகப்படாத நிலை. அதே வேதாகமத்தில் 'சுதந்தரம்' என்றும் ஒரு சொல் வரும். புதிதாக வாசிக்கிறவர்கள் அதை ஆகஸ்டு 31-இல் கொடியேற்றிக் கொண்டாடும் சுதந்திரம் என்று எடுத்துக்கொள்வார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வாசித்தேன். அங்கே அந்தச் சொல்லின் பொருள் வேறு: தகப்பன் வழியாகப் பிள்ளைக்கு வரும் சொத்து. சாந்தகுணமுள்ளவர்கள் "பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்" என்று இயேசு சொன்னபோது, அவர்கள் பூமியைத் தங்கள் பங்காகப் பெறுவார்கள் என்றே சொன்னார். கத்தோலிக்க நண்பர்கள் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் இந்தச் 'சுதந்தரம்' பல இடங்களில் 'உரிமைப்பேறு' என்று தெளிவாகவே வரும்.

சொற்குழப்பம்தானே என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. விடுதலையையும் வாரிசுரிமையையும், கலாத்தியருக்கு எழுதிய அப்போஸ்தலர் பவுலே ஒரே வசனத்தில் முடிச்சுப் போடுகிறார்: "ஆகையால் இனி நீ அடிமையாயிராமல் புத்திரனாயிருக்கிறாய், நீ புத்திரனேயானால், கிறிஸ்துமூலமாய்த் தேவனுடைய சுதந்தரனாயுமிருக்கிறாய்" (கலாத்தியர் 4:7). அடிமைத்தனத்துக்கு எதிர்ச்சொல்லாக அவர் இங்கே வைப்பது 'பிள்ளை' என்ற சொல்லை. யாருக்கும் கட்டுப்படாமல் தனியே திரிகிறவன் அவர் கண்ணில் விடுதலை பெற்றவன் இல்லை. தகப்பன் வீட்டில் கதவு தட்டாமல் உள்ளே போகிறவனே விடுதலை பெற்றவன். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

கலாத்தியருக்கு எழுதிய நிருபம், அதாவது கடிதம், ஏறக்குறைய கி.பி. 50-ஐ ஒட்டியது. இன்றைய துருக்கியில் இருந்த சபைகளுக்குப் பவுல் எழுதினார். அங்கிருந்த யூதரல்லாத மக்கள் கிறிஸ்துவை நம்பி மகிழ்ச்சியாக இருந்தபோது சிலர் வந்து, நம்பினது போதாது, விருத்தசேதனமும் (நுனித்தோல் நீக்கும் யூதச் சடங்கு) செய்துகொண்டு, மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்தின் சடங்குகளையும் கைக்கொண்டால்தான் தேவன் உங்களை முழுமையாக ஏற்பார் என்று போதித்தார்கள். பவுலுக்கு வந்த கோபம் அந்த நிருபம் முழுவதும் கொதிக்கிறது. இலவசமாக வீட்டுக்குள் சேர்க்கப்பட்ட பிள்ளைகளிடம் யாரோ வாடகை கேட்கிறார்கள் என்ற கோபம் அது.

இந்தக் கோபம் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சீக்கிரம் புரியும். நம் முன்னோர் கப்பலேறி வந்த கதையில் கடன் ஒரு பெரிய பாத்திரம். ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களுக்குக் கப்பல் செலவே முதல் கடன். வேலை செய்து அதைக் கழிக்க வேண்டும். கழியும் வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது. மலாயாவில் அந்த ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. காகிதத்தில் கட்டு அவிழ்ந்தது. ஆனால் கடைக் கணக்கு, கங்காணி கொடுத்த முன்பணம், மேற்பார்வை பார்த்த தண்டலின் அதட்டல் எல்லாம் அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தன. சட்டம் ஒரே நாளில் மாறிவிடும். மனிதனின் நடைக்கு அவ்வளவு வேகம் கிடையாது.

என் அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது தோட்ட வீட்டைக் காலி செய்துவிட்டு, பட்டணத்தில் ஒரு தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, குடிவந்தோம். அப்போது அவர் வேலையை விட்டாகிவிட்டது. அதன் பிறகும் ஆறேழு ஆண்டுகள், விடியற்காலை நாலரை மணிக்குத் திடுக்கிட்டு எழுந்து பாயில் உட்காருவார். இருட்டில் கை தலைவிளக்கைத் தேடும். "பிரட்டுக்கு நேரமாகிவிட்டது" என்பார். பிரட்டு என்றால் வேலைக்கு முன் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அம்மா படுத்தபடியே, "எந்தப் பிரட்டு? படுங்கள்" என்பார். அவர் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். பெயர் கூப்பிட அங்கே யாரும் இல்லை. தாமதமானால் திருப்பி அனுப்பவும் யாரும் இல்லை. உடம்புக்கு அது தெரியவில்லை.

அந்தத் தம்பியிடம் நான் கண்டதும் இதைத்தான். கிறிஸ்து அவனை விடுவித்தது உண்மை. அவனுடைய ஆத்துமா இன்னும் பிரட்டுக் களத்தில் வரிசையில் நிற்கிறது. ஜெபத்தைச் செக்ரோலாக, தோட்டத்து வருகைப் பதிவேடாக, நினைக்கிறான். வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்பார்கள் என்று அஞ்சுகிறான்.

இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதை இதற்காகவே சொல்லப்பட்டதுபோல் இருக்கும் (லூக்கா 15:11 முதல்). இளையவன் தன் பங்கை வாங்கிக்கொண்டு தூர தேசத்துக்குப் போய் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறான். பன்றி மேய்க்கும் இடத்தில் புத்தி தெளிந்து, அப்பாவிடம் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்க்கிறான். அதன் கடைசி வரி: "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." கூலிக்காரன் என்ற சொல் நம் ஊரில் சும்மா காதில் விழுந்து போகிற சொல் இல்லை. சம்பளத்துக்கு உழைத்து, வாங்கின கடனைக் கழித்து, மிச்சக் காலத்தை மரியாதையாக ஓட்டிவிடலாம் என்பது அவன் கணக்கு. பலருடைய மனந்திரும்புதலும் இந்தக் கணக்கோடுதான் தொடங்குகிறது. அதற்காக நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். வீடு திரும்ப அந்த நினைப்பாவது வந்ததே.

எனக்கு அதிகக் கவலை தருகிறவன் மூத்தவன். வீட்டை விட்டுப் போகாதவன் அவன். தம்பி திரும்பி வந்ததற்கு விருந்து நடக்கிறது என்று கேட்டு வெளியிலேயே நின்றுவிட்டு, அப்பாவிடம் சொல்கிறான்: "இதோ, இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து, ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்..." (கற்பனை என்றால் இங்கே கட்டளை.) மூலமான கிரேக்கத்தில் அந்த 'ஊழியஞ்செய்து' என்பது அடிமையாக உழைப்பதைக் குறிக்கும் வினை. சொந்த வீட்டில் பிறந்து, சொந்த நிலத்தில் உழைத்தவன், மனத்துக்குள் கூலிக் கணக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறான். அப்பாவின் பதில் மிகச் சிறியது: "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது."

இருபது முப்பது ஆண்டுகளாகச் சபைக்கு வருகிற நம்மில் பலர் மூத்தவன் நின்ற அதே இடத்தில் நிற்கிறோம். உபவாசம் இருந்தேன், காணிக்கை தவறவில்லை, ஆனாலும் என் மகனுக்கு வேலை கிடைக்கவில்லையே என்று அழுகிறோம். அந்த அழுகை உண்மையானது. தேவனிடம் அதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் 'இத்தனை செய்தேனே' என்று அதற்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் பட்டியலைக் கவனியுங்கள். அது கூலிக்காரனின் சீட்டு.

பவுல் இதற்கு மருந்தாகக் கொடுப்பது ஒரே ஒரு சொல். ரோமர் 8:15-இல், திரும்பவும் பயப்படுவதற்கு அடிமைத்தனத்தின் ஆவியை நீங்கள் பெறவில்லை, "அப்பா பிதாவே, என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திரசுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள்" என்கிறார். புத்திரசுவிகாரம் என்றால் தத்தெடுப்பு. அவர் எழுதியது ரோமாபுரியில் இருந்தவர்களுக்கு. ரோமச் சட்டத்தில் தத்துப்பிள்ளை அரைப்பிள்ளை இல்லை. சொந்தப் பிள்ளைக்குரிய வாரிசுரிமை அவனுக்கும் உண்டு. லூக்கா 2-இல் குடிமதிப்புக்குக் கட்டளையிட்ட அகுஸ்துராயனே யூலியு சீசருக்குத் தத்துப்பிள்ளையாகி வாரிசானவன்தான். 'அப்பா' என்பதோ இயேசு பேசிய அரமேய மொழிச் சொல். பவுல் கிரேக்கத்தில் எழுதும்போதும் அதை மாற்றாமல் அப்படியே வைத்தார். மற்ற மொழிக்காரர்களுக்கு அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டியிருக்கும். தமிழில் பிறந்த நமக்கு அந்தச் சிரமமே இல்லை. நம் வீட்டுப் பிள்ளை வாசலில் நின்று கூப்பிடும் அதே ஒலி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது.

சரி, விடுதலை என்றால் பிள்ளை என்ற நிலை என்று புரிந்தது. அதைக் காத்துக்கொள்வது எப்படி? பவுல் 'நிலைகொண்டிருங்கள்' என்கிறார். யோவான் 15-இல் இயேசு திராட்சக்கொடியைக் காட்டி 'நிலைத்திருங்கள்' என்கிறார். இரண்டுக்கும் பொருள் அருகில் இருப்பதுதான். நம் பக்கத்தில் திராட்சத் தோட்டம் பார்த்தவர்கள் குறைவு. எனக்குத் தெரிந்த மரத்தை வைத்துச் சொல்கிறேன்.

பள்ளி விடுமுறையில் அப்பாவோடு நிரைக்கு, அவர் பால் வெட்டும் மர வரிசைக்கு, போவேன். மரத்தருகே போனதும் அவர் உடனே கத்தியை வைக்கமாட்டார். முந்தைய வெட்டின் மேல் நாடாபோல் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் உரித்தெடுத்து இடுப்புப் பையில் போடுவார். அதன் பிறகுதான் இடமிருந்து வலமாகச் சரியும் கோட்டில் பட்டையைச் சீவுவார். சீவல் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. ஆழம் போய்க் கத்தி உள்ளே பட்டால், அந்தக் காயம் முண்டும் முடிச்சுமாகத்தான் ஆறும். பிறகு அந்த இடத்தில் சீராக வெட்ட முடியாது. சீவியதும் பால் துளிர்த்து, கோட்டின் வழியே ஓடிக் கிண்ணத்தில் சொட்டும். சில மணி நேரத்தில் தானாகவே நின்றுவிடும். வெட்டுவாயில் பால் உறைந்து குழல்களை அடைத்துக்கொள்கிறது. மரத்துக்குள் பால் இல்லாமல் போகவில்லை. வாய்தான் மூடியிருக்கிறது. அடுத்த முறை வந்து ஒட்டுப்பாலை உரித்து, இன்னொரு மெல்லிய சீவல் சீவ வேண்டும்.

தேவனோடு நெருங்கியிருப்பதும் ஏறக்குறைய இப்படித்தான் என்று நான் கண்டுகொண்டேன். எழுப்புதல் கூட்டத்தில் ஓர் இரவு முழுவதும் அழுதவர்கள், மூன்று மாதம் கழித்து உள்ளம் வறண்டு போனதே என்று திகைக்கிறார்கள். திகைக்க வேண்டாம். அன்று திறந்த வாய் மூடியிருக்கிறது, அவ்வளவே. முதலில் ஒட்டுப்பாலை உரியுங்கள். நேற்று மனைவியிடம் சொன்ன கடுஞ்சொல், மேற்பார்வையாளரிடம் சொன்ன சின்னப் பொய், கைப்பேசியில் ஒளித்துப் பார்த்தது, எது காய்ந்து ஒட்டியிருக்கிறதோ அதைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். நம் பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையுள்ளவர் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. பிறகு ஒரு மெல்லிய சீவல் போதும்: ஒரு சங்கீதம், சொந்த வார்த்தையில் நான்கு வரி ஜெபம். ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்பேன் என்று பொருத்தனை செய்து மூன்றாம் நாளே விட்டுவிடுவதைவிட, ஐந்து நிமிடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது மேல். குற்ற உணர்ச்சியால் தன்னைத் தானே ஆழமாக வெட்டிக்கொள்வதைப் பக்தி என்று எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காயங்கள் முடிச்சாகத்தான் ஆறுகின்றன. நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் மரத்தில் உண்டு. ஓய்வு கொடுக்காமல் அடுத்தடுத்து வெட்டினால் ஒரு நாள் பட்டை காய்ந்து பால் வருவதே நின்றுவிடும். அதனால்தான் ஒரு நாள் வெட்டி ஒரு நாள் விடுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். அப்போது பால் குறையும். அதற்காக யாரும் மரத்தைச் சாய்ப்பதில்லை. ஜெபம் வாயில் மரத்துப்போகும் காலங்கள் எல்லா விசுவாசிகளுக்கும் வரும். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்று சங்கீதக்காரனே தன்னைக் கேட்டுக்கொள்கிறான். உபாகமம் 5:15-இல் ஓய்வுநாளுக்குச் சொல்லப்படும் காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும்: நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை. அடிமைக்கு விடுமுறை கிடையாது. வாரத்தில் ஒரு நாள் வேலையை நிறுத்திக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதே, நான் இனி அடிமை இல்லை என்ற அறிக்கைதான். ஞாயிற்றுக்கிழமை மிகைநேரச் சம்பளம் பெரிது என்பது தெரியும். பிள்ளைகளின் பள்ளிச் செலவும் தெரியும். எல்லா ஞாயிறும் முடியாது என்றால், மாதத்தில் இரண்டு ஞாயிற்றையாவது காப்பாற்றுங்கள்.

வேலையே ஜெபத்துக்கு எதிரி என்று நினைக்கவும் வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சமையற்கட்டில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ் என்பவர் இருந்தார். போரில் காயப்பட்டுக் கால் ஊனமானவர். 1691-இல் இறந்தார். பாத்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலும், நற்கருணைக்கு முன் முழங்காலில் நிற்கும்போது இருக்கும் அதே அமைதியோடு தேவனோடு இருக்க அவர் பழகிக்கொண்டார். பெரிய முறை எதுவும் அவரிடம் இல்லை. கை வேலை செய்துகொண்டிருக்க, மனத்துக்குள் அவரோடு பேச்சு. மறந்துபோனால் தன்னைத் திட்டிக்கொள்ளாமல் மறுபடியும் பேச்சைத் தொடர்வது. இரவு வேலையில் இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்கிறவர்களுக்கு இதைவிட ஏற்ற முறை எனக்குத் தெரியாது.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. விடுதலை என்ற பெயரில் பிறரை மிதிப்பதும் நடக்கிறது. புதிதாக விசுவாசத்துக்கு வந்த வேகத்தில் சொந்தப் பாட்டியின் பூசை அறையை ஏளனம் செய்த ஒருவரை அறிவேன். பாட்டி அழுதார். இந்தச் சுயாதீனத்தைக் கொண்டு "அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்" என்று கலாத்தியர் 5:13 சொல்கிறது. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1520-இல் எழுதியபோதும் இரண்டையும் சேர்த்தே சொன்னார்: கிறிஸ்தவன் யாருக்கும் கீழ்ப்படாத எஜமான், கிறிஸ்தவன் எல்லாருக்கும் கீழ்ப்பட்ட ஊழியக்காரன். குடியிலிருந்து மீண்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாள் தவறிவிட்டால் வீட்டுக் கதவு பூட்டப்பட்டது என்று நினைக்காதீர்கள். மறைக்காமல் மறுநாளே நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால் போங்கள். மருத்துவரிடம் போவது அவிசுவாசம் இல்லை.

மீண்டும் அந்தத் தம்பியிடம் வருகிறேன். "அப்படியானால் ஜெபிக்காமல் வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டான். போகலாம் என்றேன். மழை நாளில் வண்டி சறுக்கும், டயரைப் பார்த்துக்கொள். ஆனால் ஜெபிக்காததற்குத் தண்டனையாக உன் அப்பா உன்னைக் கீழே தள்ளமாட்டார். "அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று 1 யோவான் 4:18-ஐக் காட்டினேன். காலையில் வேலை முடிந்து வந்து படுக்கும் முன், லூக்கா 15-இல் 11 முதல் 32 வரை உள்ள 22 வசனங்களை வாய்விட்டு வாசி, தினமும் அதையே வாசி என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தான். வேதாகமத்தைத் திறந்து, விரலை வைத்துக் காட்டினான். "அண்ணே, கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்று 19-ஆம் வசனத்தில் ஒத்திகை பார்க்கிறான். 21-இல் அப்பாவிடம் பேசும்போது அந்த வரி வரவேயில்லையே?"

இத்தனை ஆண்டுகள் வாசித்தும் நான் அதைக் கவனித்ததில்லை. இருவரும் நின்றபடியே மறுபடியும் வாசித்தோம். 19-இல் இருக்கிறது. 21-இல் இல்லை. இடையில் இருக்கும் 20-ஆம் வசனத்தில் அப்பா ஓடி வருகிறார்.